யூரோவிஷன் பாடல் போட்டி: மேடையில் கொடி, உறுப்பினர் ஏட்டில் ஒளிபரப்பு நிறுவனம்

நாட்டுக்கொரு பாடலாக ஆண்டுதோறும் நடக்கும் யூரோவிஷன் பாடல் போட்டியை நடத்துவது ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம். 2025 டிசம்பர் 4 அன்று ஜெனீவாவில் அதன் பொதுப்பேரவை கூடியது. 2026-ஆம் ஆண்டு யூரோவிஷன் பாடல் போட்டியில் இஸ்ரேல் பங்கேற்பதைப் பற்றித் தனி வாக்கெடுப்பு தேவையில்லை என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் முடிவு செய்தார்கள். காசா போரை முன்னிட்டு இஸ்ரேலின் பங்கேற்பை எதிர்த்த ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா ஆகிய நான்கும் அன்றே போட்டியிலிருந்து விலகின. சில நாள்களில் ஐஸ்லாந்தும் விலகியது. 2024-இல் ஸ்விட்சர்லாந்துக்காக வென்ற நெமோ தம் வெற்றிக் கோப்பையைத் திருப்பி அனுப்பினார்.

இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு அடிப்படையான சில ஐயங்கள் எழுவது இயல்பு. மேற்கு ஆசியாவில் இருக்கும் இஸ்ரேல் ஐரோப்பியப் போட்டியில் எப்படி இடம்பெற்றது? ஆஸ்திரேலியா எப்படி வந்தது? 2022-இல் ரஷ்யாவை விலக்கிய அமைப்பு இஸ்ரேலை ஏன் விலக்கவில்லை? மக்கள் வாக்கில் முதலிடம் பிடித்த பாடல் ஏன் தோற்றுப்போகிறது? இவை தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும், விடை தேடிச் சென்றால் எல்லாம் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. இந்தப் போட்டியில் பங்கேற்பவை நாடுகள் அல்ல, ஒளிபரப்பு நிறுவனங்கள். ஆனால் திரையில் தெரிவதோ நாட்டின் பெயரும் கொடியும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள முரண்தான் எழுபது ஆண்டுகளாக இந்தப் போட்டியின் விதிகளை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

## பங்கேற்பவர் யார்?

ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 1950 பிப்ரவரியில், இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் 23 ஒளிபரப்பு நிறுவனங்கள் கூடித் தொடங்கிய அமைப்பு. ஐரோப்பிய ஒன்றியம் என்ற அரசியல் அமைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. அரசுகள் இதில் உறுப்பினர்கள் அல்ல. கூட்டுறவுச் சங்கத்தைப் போல, உறுப்பு நிறுவனங்கள் சந்தா செலுத்துகின்றன, பொதுப்பேரவையில் வாக்களிக்கின்றன, செய்திக் காட்சிகளையும் விளையாட்டு ஒளிபரப்புகளையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. பிரிட்டனின் பிபிசி, ஸ்பெயினின் ஆர்டிவிஇ, இத்தாலியின் ராய், இஸ்ரேலின் கான் போன்றவை இதன் உறுப்பினர்கள். இவை பொதுச்சேவை ஒளிபரப்பாளர்கள். அதாவது பெரும்பாலும் மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்திலோ பொதுநிதியிலோ இயங்கினாலும், எதை ஒளிபரப்புவது என்பதை ஆளும் அரசிடம் கேட்டு முடிவு செய்யக் கூடாதவை.

போட்டியில் சேர்வதற்கான வழிகளை இவ்வாறு சுருக்கிச் சொல்லலாம்.

1. ஐரோப்பிய ஒளிபரப்புப் பரப்புக்குள் இருக்கும் நாட்டைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றியத்தின் முழு உறுப்பினராகலாம். இந்தப் பரப்பு, வானொலி அலைவரிசைகளைப் பங்கிடுவதற்காகச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த எல்லை. கிழக்கே 40 பாகைத் தீர்க்கரேகை வரையும் தெற்கே 30 பாகை வட அட்சரேகை வரையும் அது நீள்கிறது. ஆகவே மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, எகிப்து, லெபனான், ஜோர்டான், இஸ்ரேல் ஆகியவையும் இதற்குள் வருகின்றன. இஸ்ரேல் 1973 முதல் பங்கேற்கிறது, நான்கு முறை வென்றிருக்கிறது. மொராக்கோ 1980-இல் ஒரே ஒரு முறை பாடியது.

2. மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நாடுகளின் அமைப்பான ஐரோப்பா பேரவையில் உறுப்பினராக உள்ள நாட்டின் நிறுவனமும் சேரலாம். ஆர்மீனியா 2006-இலும் ஜார்ஜியா 2007-இலும் அஜர்பைஜான் 2008-இலும் முதன்முதலாகப் பாடியது இந்த அடிப்படையில்தான்.

3. இவற்றுக்கு வெளியே உள்ள இணை உறுப்பினரை ஒன்றியம் அழைக்கலாம். 1983 முதல் போட்டியை ஒளிபரப்பி வந்த ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் நிறுவனம், 2015-இல் வியன்னாவில் நடந்த 60-ஆவது போட்டிக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது.

4. பங்கேற்கும் நிறுவனம் போட்டி முழுவதையும் வெட்டாமல் ஒளிபரப்ப வேண்டும். 2005-இல் முதன்முறையாகப் பாடவிருந்த லெபனான், இஸ்ரேலின் பாடலைக் காட்டத் தன் நாட்டுச் சட்டம் இடம்தராததால் கடைசி நேரத்தில் விலகியது.

உறுப்பினர் நிறுவனமே என்பதால் விளைந்தவற்றைப் பார்த்தால் இந்த அடிப்படையின் கனம் புரியும். 2016-இல் ருமேனியா தன் பாடகரைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, போட்டிக்குச் சில வாரங்களே இருந்தபோது நீக்கப்பட்டது. பாடலில் குறையில்லை, அரசியல் காரணமும் இல்லை. ருமேனியத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றியத்துக்குச் செலுத்த வேண்டிய பல ஆண்டுக் கடன் பாக்கி இருந்தது. கடனாளி நிறுவனத்துக்கு உறுப்பினர் சேவைகள் நிறுத்தப்பட்டன. பாடகர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

பாடகரின் குடியுரிமை பற்றி ஒன்றியம் எதுவும் கேட்பதில்லை என்பதும் இதன் தொடர்ச்சியே. 1988-இல் ஸ்விட்சர்லாந்துக்கு வெற்றி தேடித்தந்த செலின் டியான் கனடாவைச் சேர்ந்தவர். லக்சம்பர்க் ஐந்து முறை வென்றிருக்கிறது. வென்ற ஐவரில் ஒருவர்கூட அந்நாட்டவர் அல்லர். நால்வர் பிரான்ஸ் நாட்டவர்கள், ஒருவர் கிரேக்கர். நாடுகளுக்கு இடையிலான போட்டியாக இதைக் கருதினால் இது விந்தையாகத் தோன்றும். ஒளிபரப்பு நிறுவனம் தனக்குப் பிடித்த கலைஞரை ஒப்பந்தம் செய்துகொள்கிறது என்று பார்த்தால் அதில் வியப்புக்கு இடமில்லை.

## இணைப்பைச் சோதிக்கப் பிறந்த போட்டி

1950-களின் தொடக்கத்தில் ஒரு நாட்டின் நிகழ்ச்சியை இன்னொரு நாட்டில் அதே நேரத்தில் காட்டுவது பெரிய தொழில்நுட்பச் சவால். செயற்கைக்கோள் கிடையாது, மலைமுகடுகளில் நுண்ணலைக் கோபுரங்கள் நட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சமிக்ஞையைக் கடத்த வேண்டியிருந்தது. நாட்டுக்கு நாடு படத்தின் வரிக்கோடுகளின் எண்ணிக்கையே வேறாக இருந்ததால், எல்லையில் மாற்றிக் கொடுக்கும் கருவிகளும் தேவைப்பட்டன. 1953 ஜூன் 2 அன்று இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா பிரான்ஸ், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளிலும் நேரலையாகத் தெரிந்தது. 1954-இல் ஸ்விட்சர்லாந்தின் மாந்த்ரே நகர மலர் விழாவும், அதே ஆண்டு அந்நாட்டில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தும் இந்த இணைப்பில் ஒளிபரப்பாயின. யூரோவிஷன் என்பது முதலில் இந்த வலையமைப்பின் பெயர். பாட்டுப் போட்டி பின்னால் வந்தது.

வலையமைப்பு கிடைத்த பிறகு, அதில் ஆண்டுதோறும் எல்லோரும் சேர்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்தது. ஸ்விட்சர்லாந்தின் மார்செல் பெசான்சோன் தலைமையிலான குழு 1955-இல் மொனாக்கோவில் கூடி இதைப் பற்றிப் பேசியது. 1951 முதல் இத்தாலியில் நடந்துவந்த சான்ரெமோ பாட்டு விழா முன்மாதிரியாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ரோமில் திட்டம் ஏற்கப்பட்டது.

முதல் போட்டி 1956 மே 24 அன்று ஸ்விட்சர்லாந்தின் லுகானோ நகரில் நடந்தது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாடல்கள். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோர் வானொலியில்தான் கேட்டார்கள். நாட்டுக்கு இரண்டு நடுவர்கள் இரகசியமாக வாக்களித்தார்கள். லக்சம்பர்க்கால் நடுவர்களை அனுப்ப இயலாததால், அந்நாட்டின் வாக்கைப் போட்டியை நடத்திய ஸ்விட்சர்லாந்தவர்களே அளித்தார்கள். நடுவர்கள் தங்கள் சொந்த நாட்டுக்கும் வாக்களிக்கலாம் என்றிருந்தது. ஸ்விட்சர்லாந்தின் லீஸ் ஆசியா வென்றார். யார் யாருக்கு எத்தனை வாக்கு என்பது வெளியிடப்படவே இல்லை. இன்று ஒவ்வொரு புள்ளியையும் அலசிப் பார்க்கும் போட்டி அப்படித்தான் தொடங்கியது.

வென்றவர் அடுத்த ஆண்டு நடத்த வேண்டும் என்பது வழக்கமே தவிர, கட்டாயமாக இருந்ததில்லை. செலவைத் தாங்க முடியாத அல்லது விரும்பாத நிறுவனங்கள் மறுத்திருக்கின்றன. 1971-இல் மொனாக்கோ வென்றது. 1972 போட்டி ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்தது. 1973-இல் லக்சம்பர்க் வென்றது. 1974 போட்டியை பிபிசி பிரைட்டனில் நடத்தியது. ஸ்வீடனின் ஆப்பா இசைக்குழு வென்று உலகப் புகழடைந்தது அந்தப் போட்டியில்தான். 2022-இல் வென்ற உக்ரைன் போரில் இருந்ததால், 2023 போட்டி லிவர்பூலில் உக்ரைனின் சார்பாக நடைபெற்றது.

## எந்த மொழியில் பாடுவது?

தொடக்கத்தில் மொழி விதி எதுவும் எழுதப்படவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியில்தான் பாடுவார்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1965-இல் ஸ்வீடன் ஆங்கிலத்தில் பாடியதும், 1966 முதல் சொந்த நாட்டு மொழி கட்டாயமாக்கப்பட்டது. 1973 முதல் 1976 வரை அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆப்பா ஆங்கிலத்தில் பாடியது அந்த இடைவெளியில். 1977-இல் மீண்டும் கட்டாயம் வந்தது, 1999-இல் முற்றிலும் நீங்கியது.

இந்த விதி யாருக்கு உதவியது என்பதை வெற்றிப் பட்டியலே காட்டுகிறது. 1992, 1993, 1994, 1996 என ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை அயர்லாந்து வென்றது. பிரிட்டன் கடைசியாக வென்றது 1997-இல். மற்றவர்கள் தங்கள் மொழியில் மட்டுமே பாட வேண்டியிருந்த காலத்தில், ஐரோப்பா முழுவதும் ஓரளவு புரிந்த ஆங்கிலத்தில் பாடும் உரிமை அயர்லாந்து, பிரிட்டன், மால்டா போன்ற சிலருக்கே இருந்தது. 1999-க்குப் பிறகு அந்தச் சாதகம் மறைந்தது. அயர்லாந்தோ பிரிட்டனோ அதற்குப் பின் ஒரு முறைகூட வெல்லவில்லை. மொழி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதே காலத்தில் வாக்களிக்கும் முறையும் மாறியது, போட்டியாளர்களும் பெருகினார்கள். ஆனால் மொழியைக் கணக்கில் எடுக்காமல் அயர்லாந்தின் அந்தப் பொற்காலத்தை விளக்க முடியாது என்பதே என் கருத்து.

விதி நீங்கியதும் பெரும்பாலோர் ஆங்கிலத்துக்கு மாறியதில் ஓர் இழப்பு உண்டு. இருந்தும் 2017-இல் போர்ச்சுகீசியம், 2021-இல் இத்தாலியம், 2022-இல் உக்ரைனியம் ஆகிய மொழிப் பாடல்கள் வென்றிருப்பது, புரியாத மொழியிலும் பாடல் சென்று சேரும் என்பதற்குச் சான்று.

## புள்ளி இடுவது யார்?

போட்டியின் வரலாற்றை ஒரே கோணத்தில் எழுதச் சொன்னால், வாக்கு முறையின் வரலாறாகவே எழுதலாம். ஒவ்வொரு மாற்றமும் அதற்கு முன் நேர்ந்த ஒரு சிக்கலுக்கு விடையாக வந்தது.

1. 1957 முதல் ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு என்ற முறை இருந்தது. இடையில் சில ஆண்டுகள் வேறு முறைகளைக் கையாண்டுவிட்டு, 1967-இல் இதற்கே திரும்பினார்கள். இதன் பலவீனம் 1969-இல் மாட்ரிடில் வெளிப்பட்டது. பத்துப் பத்தாகப் பிரிந்த வாக்குகளில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கும் தலா 18 பெற்றன. சமநிலையை முறிக்க விதியே இல்லாததால் நால்வரும் வென்றதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. அதிருப்தியில் பின்லாந்து, நார்வே, ஸ்வீடன், போர்ச்சுகல் ஆகியவை 1970-இல் வரவில்லை. அந்த ஆண்டு 12 நாடுகளே பாடின.

2. 1975-இல் இன்றைய முறை வந்தது. ஒவ்வொரு நாடும் தனக்கு மிகவும் பிடித்த பத்துப் பாடல்களுக்கு 12, 10, பிறகு 8 முதல் 1 வரை புள்ளி தருகிறது. தன் பாடலுக்குத் தானே தர முடியாது. முதலிரண்டு இடங்களுக்கு இடையில் உள்ள கூடுதல் இடைவெளி சமநிலையைக் குறைக்கிறது, ஆனாலும் முற்றிலும் தடுப்பதில்லை. 1991-இல் ஸ்வீடனும் பிரான்சும் தலா 146 புள்ளி பெற்றன. 12 புள்ளிகளின் எண்ணிக்கையும் சமமாக இருந்தது. 10 புள்ளிகளை அதிகம் பெற்ற ஸ்வீடன் வென்றது.

3. 1997-இல் ஐந்து நாடுகளில் தொலைபேசி வாக்கு சோதித்துப் பார்க்கப்பட்டது, மறு ஆண்டே பெரும்பாலான நாடுகளுக்குப் பரவியது. நடுவர்களின் ரசனை மக்களின் ரசனையிலிருந்து விலகியிருந்தது என்பது இதற்குப் பின்னால் இருந்த நெடுநாள் குறை. 1958-இல் இத்தாலியின் டொமெனிகோ மொதுன்யோ பாடி, பின்னர் வோலாரே என்ற பெயரில் உலகெங்கும் ஒலித்த பாடலுக்கு நடுவர்கள் மூன்றாம் இடமே தந்தார்கள்.

4. மக்கள் வாக்கு வந்ததும் வேறொரு குறை எழுந்தது. அண்டை நாடுகள் ஒன்றுக்கொன்று 12 புள்ளி கொடுத்துக்கொள்கின்றன என்பதே அது. கிரேக்கமும் சைப்ரசும் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. இதைச் சதி என்று சொல்வது எளிது. ஆனால் பொது மொழி, ஒரே இசைச் சந்தை, இரு நாட்டிலும் தெரிந்த பாடகர், புலம்பெயர்ந்து வாழும் மக்கள் என்று இயல்பான காரணங்கள் பல உள்ளன. ஜெர்மனியின் தொலைபேசி வாக்குகள் துருக்கிக்குப் போனது அங்கே வாழும் துருக்கியர்களால். ஆயினும் நம்பிக்கை குலைந்தது. 2009 முதல் இறுதிச்சுற்றில் நடுவர் பாதி, மக்கள் பாதி என்றானது.

5. 2016 முதல் நடுவர் புள்ளியும் மக்கள் புள்ளியும் தனித்தனியே அறிவிக்கப்படுகின்றன. இரு தரப்புக்கும் உள்ள வேறுபாடு அதற்குப் பிறகுதான் எல்லோர் கண்ணுக்கும் பட்டது. அந்த ஆண்டே நடுவர்களிடம் ஆஸ்திரேலியாவும் மக்களிடம் ரஷ்யாவும் முதலிடம் பெற, இரண்டிலும் இரண்டாவதாக வந்த உக்ரைன் மொத்தத்தில் வென்றது. 2023-இல் பின்லாந்தின் கார்யா மக்களிடம் 376 புள்ளி பெற்றார். ஸ்வீடனின் லொரீன் பெற்றது 243. நடுவர் புள்ளிகளால் லொரீன் 583 என்ற மொத்தத்தோடு வென்றார்.

நடுவர்கள் இருந்தால் முறைகேடு இராது என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 2022 அரையிறுதியில் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்கள் ஒருவருக்கொருவர் சாதகமாக வாக்களித்த ஒழுங்கற்ற போக்கைக் கண்ட ஒன்றியம், அந்த வாக்குகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்ட மாற்றுப் புள்ளிகளைச் சேர்த்தது. மறு ஆண்டு அரையிறுதிகளிலிருந்து நடுவர்களே நீக்கப்பட்டார்கள். அதே 2023-இல்தான் போட்டியில் இல்லாத நாடுகளின் பார்வையாளர்களும் இணையவழியில் பணம் செலுத்தி வாக்களிக்க வழி திறந்தது. அந்த வாக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாட்டின் அளவுக்குப் புள்ளி இடுகின்றன.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மக்கள்தொகைக்கும் புள்ளிக்கும் தொடர்பில்லை. ஜெர்மனியின் 12-உம், இத்தாலி சூழ்ந்த மிகச் சிறிய நாடான சான் மரீனோவின் 12-உம் ஒன்றே. சான் மரீனோ இத்தாலியின் தொலைபேசி வலையமைப்பைப் பயன்படுத்துவதால், அதற்கென்று தனி மக்கள் வாக்கைப் பிரித்தெடுக்க முடியாது. வேறு நாடுகளின் முடிவுகளை வைத்துக் கணக்கிட்டே அதன் மக்கள் புள்ளி தரப்படுகிறது. நாடுகளின் போட்டி என்ற தோற்றத்துக்கும் உள்ளே நடக்கும் கணக்குக்கும் எவ்வளவு இடைவெளி என்பதற்கு இது நல்ல சான்று.

## 1996-இல் ஜெர்மனி இல்லாமற்போனதன் விளைவு

பனிப்போர்க் காலத்தில் சோசலிச நாடுகளில் யூகோஸ்லாவியா மட்டுமே 1961 முதல் பங்கேற்றது. சோவியத் அணியின் நாடுகள் தங்களுக்கென்று இன்டர்விஷன் என்ற போட்டியை 1977 முதல் 1980 வரை போலந்தின் சோப்போட்டில் நடத்தின. பெர்லின் சுவர் இடிந்த பிறகு நிலைமை தலைகீழானது. 1993-இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த போஸ்னியா, குரோஷியா, ஸ்லோவேனியா ஆகியவை தனித்தனியே வந்தன. முற்றுகையிடப்பட்டிருந்த போஸ்னியத் தலைநகர் சரயேவோவிலிருந்து தொலைபேசியில் புள்ளிகள் வந்தபோது அரங்கம் கைதட்டி வரவேற்றது. 1994-இல் ரஷ்யா, போலந்து, ஹங்கேரி உட்பட ஏழு நாடுகள் புதிதாகச் சேர்ந்தன.

ஒரே மாலையில் இத்தனை பாடல்களுக்கு இடமில்லை. குறைந்த புள்ளி பெற்றவர்கள் ஓராண்டு ஒதுங்கியிருப்பது முதலான முறைகளைக் கையாண்டார்கள். 1996-இல் ஒலிப்பதிவை மட்டும் கேட்டு வடிகட்டியபோது ஜெர்மனி வெளியேற்றப்பட்டது. ஒன்றியத்துக்கு அதிகப் பணம் கட்டும் உறுப்பினர்களில் ஒன்றும், மிகப் பெரிய பார்வையாளர் சந்தைகளில் ஒன்றும் இல்லாமல் போட்டி நடந்தது. அது மீண்டும் நேரக் கூடாது என்பதற்காகவே, 2000 முதல் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நான்குக்கும் இறுதிச்சுற்றில் நேரடி இடம் தரப்பட்டது. 2011-இல் திரும்பி வந்த இத்தாலியும் சேர்ந்து ஐவரானார்கள். மற்றவர்களுக்கு 2004-இல் ஓர் அரையிறுதியும் 2008 முதல் இரண்டும் வந்தன. பெரிய நாடுகளுக்குச் சலுகை என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நிதியைப் பார்த்தால் அதைத் தவிர்ப்பது கடினம்.

## அரசியல் கூடாது என்ற விதி

பாடல் வரிகளிலும் மேடையிலும் அரசியல் செய்தி கூடாது என்கிறது விதி. நடைமுறையில் இதை ஒரே அளவுகோலால் அளக்க முடிந்ததில்லை. 2009-இல் மாஸ்கோவில் நடந்த போட்டிக்கு ஜார்ஜியா அனுப்பிய பாடலில் ரஷ்யத் தலைவர் புதினின் பெயரைக் கொண்டு சொல்விளையாட்டு இருந்ததால் வரியை மாற்றச் சொன்னார்கள். ஜார்ஜியா மறுத்து விலகியது. 2016-இல் ஜமாலா பாடிய உக்ரைன் பாடல், 1944-இல் ஸ்டாலின் ஆட்சியில் கிரிமியத் தாத்தார்கள் நாடு கடத்தப்பட்டதைப் பற்றியது. கிரிமியாவை ரஷ்யா கைப்பற்றி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தும், வரலாற்றுப் பாடல் என்று ஏற்றுக்கொண்டார்கள். 2024-இல் இஸ்ரேலின் பாடல், 2023 அக்டோபர் தாக்குதலைச் சுட்டுவதாகக் கருதப்பட்டதால் தலைப்பும் வரிகளும் மாற்றப்பட்ட பிறகே அனுமதிக்கப்பட்டது.

அரங்குக்கு வெளியே அரசியல் இன்னும் வெளிப்படையாக இருந்தது. 1978-இல் இஸ்ரேல் வெல்லப்போவது தெரிந்ததும் ஜோர்டான் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தி மலர்ப் படத்தைக் காட்டியது. 1974-இல் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட போர்ச்சுகலின் பாடல், போட்டி முடிந்து மூன்று வாரத்துக்குள், ஏப்ரல் 24 இரவு வானொலியில் ஒலித்து, சர்வாதிகாரத்தை வீழ்த்தப் புறப்பட்ட ராணுவத்தினருக்கு முதல் சமிக்ஞையாக அமைந்தது. புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த ஒரு பாடலுக்கு ஒரு நாட்டின் வரலாற்றில் இப்படி இடம் கிடைத்தது என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தரும் செய்தி.

## ரஷ்யா விலக்கப்பட்டது, இஸ்ரேல் விலக்கப்படவில்லை: ஏன்?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, ஒன்றியத்தின் முதல் நிலைப்பாடு ரஷ்யா பங்கேற்கலாம் என்பதே. இது அரசியலற்ற நிகழ்ச்சி என்றார்கள். ஆனால் வடஐரோப்பா உள்ளிட்ட பல நாடுகளின் உறுப்பு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. மறுநாளே, ரஷ்யாவின் பங்கேற்பு போட்டிக்கு அவப்பெயரைக் கொண்டுவரும் என்று சொல்லி ஒன்றியம் அதை விலக்கியது. தொடர்ந்து ரஷ்ய நிறுவனங்கள் ஒன்றியத்தை விட்டே வெளியேறுவதாக அறிவித்தன.

இஸ்ரேல் விஷயத்தில் ஒன்றியம் முன்வைக்கும் வாதம் இது: கான் நிறுவனம் விதிகளை நிறைவேற்றும் உறுப்பினர், அது இஸ்ரேல் அரசின் ஊதுகுழல் அன்று, ரஷ்ய நிறுவனங்களோ அரசின் கைக்குள் இருந்தன. கானைத் தனியார்மயமாக்க அல்லது முடக்க இஸ்ரேல் அரசே முயன்று வந்திருக்கிறது என்பது இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது. 2021-இல் பெலாரூஸ் அரசுத் தொலைக்காட்சியின் உறுப்புரிமை நிறுத்தப்பட்டதும் நிறுவனத்தின் நடத்தையை வைத்துத்தான்.

எதிர்வாதமும் எளிதில் ஒதுக்கக்கூடியது அன்று. 2022-இல் விலக்கலுக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒளிபரப்பு நிறுவனத்தின் சார்புநிலை அன்று, போட்டிக்கு நேரும் அவப்பெயர். காசாவில் உயிரிழந்தோரின் எண்ணிக்கையைச் சுட்டும் ஸ்பெயினும் அயர்லாந்தும், அதே அளவுகோல் இங்கும் பொருந்த வேண்டும் என்கின்றன. என் பார்வையில் ஒன்றியத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான். நிறுவனத்தின் நடத்தையை அளப்பதாகச் சொல்லும் அமைப்பு, 2022-இல் அந்த அளவுகோலைப் பயன்படுத்தவில்லை. உறுப்பினர்களின் ஒட்டுமொத்த எதிர்ப்பைத்தான் அளந்தது. இஸ்ரேல் விஷயத்தில் அந்த ஒட்டுமொத்தம் உருவாகவில்லை. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இஸ்ரேல் தொடர வேண்டும் என்ற பக்கம் நின்றன.

## பாசல் முடிவும் புதிய விதிகளும்

2025 மே 17 அன்று ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆஸ்திரியாவின் ஜேஜே 436 புள்ளிகளுடன் வென்றார். இரண்டாவதாக வந்த இஸ்ரேலின் யுவல் ரஃபேல் 357 புள்ளி பெற்றார். அதில் நடுவர்கள் தந்தது 60, மக்கள் தந்தது 297. மக்கள் வாக்கில் அதுவே முதலிடம். ஸ்பெயின் உள்ளிட்ட சில நிறுவனங்கள் வாக்கைத் தணிக்கை செய்யக் கேட்டன. இஸ்ரேல் அரசின் விளம்பர முகமை, வாக்குக் கேட்டு இணையத்தில் விளம்பரம் செய்திருந்ததும் தெரியவந்தது.

இங்கே பொய் வாக்கு இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை. முறையின் கணக்கைப் பார்த்தாலே விளங்கும். அப்போதைய விதிப்படி ஒருவர் 20 வாக்கு வரை போட முடிந்தது, எல்லாவற்றையும் ஒரே பாடலுக்கும் போட முடிந்தது. ஒரு பாடலை எதிர்த்து வாக்களிக்க வழியில்லை. ஒரு நாட்டில் 1,000 வாக்குகள் 26 பாடல்களுக்கு இடையில் சிதறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பாடலுக்குச் சராசரியாக 40-க்கும் குறைவு. ஒரே எண்ணத்துடன் பத்துப் பேர் தலா 20 போட்டால் 200. அந்த நாட்டின் 12 புள்ளி அவர்கள் கையில். அவர்கள் அந்தப் பாடலை விரும்பி வாக்களித்தார்களா, ஒரு நாட்டுக்கு ஆதரவு காட்ட வாக்களித்தார்களா என்பதை எண்ணிக்கையால் பிரித்தறிய முடியாது.

டிசம்பரில் ஏற்கப்பட்ட மாற்றங்கள் இந்தக் கணக்கைக் குறிவைத்தவை.

1. ஒருவர் போடக்கூடிய வாக்கு 20-இலிருந்து 10 ஆகக் குறைந்தது.
2. அரையிறுதிகளுக்கு நடுவர்கள் திரும்பினார்கள். குழுவின் அளவும் ஐந்திலிருந்து ஏழானது. அதில் 18 முதல் 25 வயதுக்குள் குறைந்தது இருவர்.
3. அரசுகளோ பிற வெளித்தரப்புகளோ மிகையான பிரசாரத்துக்குத் துணைபுரிவது கட்டுப்படுத்தப்பட்டது.

விலகியவர்களின் இழப்பு சிறியது அன்று. நெதர்லாந்து 1956-இல் பாடிய ஏழில் ஒன்று. அயர்லாந்து ஏழு வெற்றிகளோடு ஸ்வீடனுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொள்ளும் நாடு. ஸ்பெயின் அதிகக் கட்டணம் செலுத்தும் ஐவரில் ஒன்று. பல்கேரியா, ருமேனியா, மால்டோவா ஆகியவை திரும்பி வந்தது எண்ணிக்கையை ஈடுசெய்ய உதவியதே தவிர, நிதியை அந்த அளவுக்கு ஈடுசெய்யாது. இதற்கிடையே ரஷ்யா 2025 செப்டம்பரில் இன்டர்விஷனை மாஸ்கோவில் மீண்டும் தொடங்கியது. இந்தியாவும் அதில் பங்கேற்றது, வியட்நாம் வென்றது. அந்தப் போட்டி அரசின் முன்முயற்சியில் நடப்பது. ஒளிபரப்பாளர்களின் மன்றம் என்ற யூரோவிஷனின் அடித்தளத்துக்கு நேர் எதிரான அமைப்பு அது.

டிசம்பர் மாற்றங்கள் வாக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைத் தொடுகின்றன. எந்தச் சூழலில் ஓர் உறுப்பினர் விலக்கப்படலாம் என்ற கேள்விக்கு எழுத்தில் விதி இன்னும் தெளிவாக இல்லை. ரொக்கப் பாக்கிக்கு விதி இருக்கிறது, முழு ஒளிபரப்புக்கு விதி இருக்கிறது. தன் நாட்டு அரசு நடத்தும் போருக்கு ஓர் ஒளிபரப்பு நிறுவனம் எந்த அளவு பொறுப்பாகும் என்பதற்கு இல்லை. போருக்கு முன்பே, எந்த நாட்டையும் மனத்தில் வைக்காமல் அதை எழுதிவைத்திருந்தால் 2022-இலும் 2025-இலும் ஒன்றியத்தின் முடிவுகளை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க முடிந்திருக்கும். அடுத்த பொதுப்பேரவைகள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை அதுவே.